மொய் ஏடும் குத்தகைத் தாளும்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்னும் பழமொழி இரண்டு சுமைகளையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துகிறது. தமிழ்க் குடும்பங்களோ அவ்விரண்டில் ஒன்றற்கு மட்டுமே கணக்கெழுதுகின்றன. திருமண மண்டபத்தின் வாயிலில் மேசையிட்டு, பத்து வெள்ளி மொய்யையும் பெயரும் ஊரும் பிழையாமல் ஏட்டில் பதியும் அதே குடும்பம், சமையற்கட்டை விரிவாக்க முப்பதாயிரம் வெள்ளியைக் குத்தகையாளர் ஒருவரின் கையில் கொடுக்கும்போது ஒற்றை வரியும் எழுதி வாங்குவதில்லை. இம்முரண்பாட்டை வெகுளித்தனம் என்று புகழ்வோர் உளர். அது வெகுளித்தனமன்று, கேடு.

நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்துப் பகாவைச் சூழ்ந்த தோட்டங்களில், கெடெஸிலும் ஜெராம் பாடாங்கிலும் பிறவற்றிலும், பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் பல, இன்று நகரையொட்டிய தாமான்களில் வரிசை வீடுகளுக்கு உரிமையாளர்கள். ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. பின்புறம் சமையற்கட்டை நீட்ட வேண்டும், முன்புறம் கூரை இறக்க வேண்டும், மகன் திருமணத்துக்குள் ஓர் அறை கூட்ட வேண்டும் என்னும் ஆசைகள் எழுகின்றன. யாரோ ஒருவர் யாரோ ஒரு குத்தகையாளரை அழைத்து வருகிறார். “நம்மவர்தான்” என்பதே அவருடைய தகுதிச் சான்று. பாதிப் பணம் முன்னதாகவே கைமாறுகிறது. சுவர் இடுப்பளவு எழுகிறது. பிறகு சிமெண்டு விலை ஏறிவிட்டது என்கிறார். ஆள் கிடைக்கவில்லை என்கிறார். இறுதியில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. கூரையற்ற சமையற்கட்டின்மேல் ‘கன்வாஸ்’ கட்டிக்கொண்டு, நாற்பதாண்டு உழைப்பின் சேமிப்பை இழந்த முதியவர் விதியை நோகிறார். விதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதன் வேர் தோட்ட வாழ்விலேயே இருக்கிறது. லயத்து வீடு தொழிலாளியின் வீடன்று, கம்பெனியின் வீடு. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். நிருவாகம் மனம் வைத்தால் தச்சர் வருவார். குடியிருந்தவருக்குக் கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கவோ, விலை பேசவோ, வேலையை அளந்து பணம் கொடுக்கவோ ஒரு நாளும் வாய்ப்பிருந்ததில்லை. கணக்கும் அப்படியே. கங்காணி காலத்தில் முன்பணக் கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. பின்னர் பெயர்ப்பதிவும் சம்பளமும் கிராணியின் ‘செக்ரோல்’ ஏட்டில் இருந்தன. ஏடு எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேயே அதிகாரமும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் எழுதிய கணக்குக்குக் கட்டுப்பட்டுத் துன்புற்ற ஒரு சமுதாயம், தன் பணத்தைத் தானே செலவிடும் காலம் வந்தபோது, தனக்கென ஓர் ஏட்டைத் திறக்க மறப்பது எத்துணைக் கொடுமை!

“எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று எண்ணுவாரே” என்று தயங்குவோர் பலர். அங்ஙனமாயின் மொய் எழுதுவது உறவினர்மீது நம்பிக்கையின்மையாலா? இல்லை, நாளை உறவு முறியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்படுகிறது. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஆராயாமல் நம்புவதையும் நம்பிய பின் ஐயுறுவதையும் வள்ளுவர் ஒருங்கே கடிகிறார். பகாவில் நிகழ்வதோ முதலில் ஆராயாத நம்பிக்கை. பின்னர் ஆறாத ஐயம்.

“பத்தாயிரம் குறைத்துச் சொன்னாரே” என்பது அடுத்த சமாதானம். எதைக் குறைத்தார் என்று கேட்டவர் யார்? பழைய சுவர் பல்லாண்டுகளாக மண்ணில் அமர்ந்து நிலைத்துவிட்டது. புதிய சுவர் இனிமேல்தான் அமரும். அடித்தளத்தை ஆழமின்றி இட்டு, பூச்சினால் இரண்டையும் ஒட்டிவைத்தால், புதிய பகுதி இறங்கும்போது இணைப்பில் வெடிப்பு விழும்; மழைநீர் உள்ளே வரும். குறைந்த விலை பல வேளைகளில் மண்ணுக்கடியில் குறைக்கப்பட்ட கம்பியும் கற்காரையுமே ஆகும். மலிவை மட்டுமே நாடும் வீட்டுக்காரர், முறையாக விலை சொன்ன நேர்மையான குத்தகையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வியப்பு யாதெனில், இதே வீட்டுக்காரர் அவ்வீட்டை மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்து புதிதாக வாங்கியபோது, எழுத்தின் பாதுகாப்பை முழுமையாகப் பெற்றிருந்தார் என்பதே. 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழமைந்த ‘ஜி’ அட்டவணை ஒப்பந்தம், வேலை முடிய முடியப் படிப்படியாகவே பணம் செலுத்தச் சொல்கிறது. இன்றைய படிவத்தின்படி இறுதி 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்திவைக்கப்படுகிறது. சாவி பெற்ற 8 மாதத்தில் பாதியும் 24 மாதத்தில் மீதியும் விடுவிக்கப்படுகின்றன. 24 மாதத்துக்குள் தோன்றும் குறைகளைக் கட்டியவரே திருத்த வேண்டும். பெரிய நிறுவனத்திடமே இத்துணை எச்சரிக்கை தேவையென்று சட்டம் கருதும்போது, முகவரியும் அறியாத ஒருவரிடம் பாதிப் பணத்தை முன்னதாகக் கொடுப்பது எந்த நியாயம்?

வேறு கருவிகளும் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டுமானம் செய்யும் குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, கட்டடத்தை விரிவாக்க ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பகாவில் அது ஜெம்போல் நகராண்மைக் கழகம். அனுமதியின்றிக் கட்டியதை இடிக்கவும் சட்டம் இடந்தருகிறது. அப்போது இழப்பு வீட்டுக்காரருக்கே. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞரின்றி, மூன்றாண்டுக்குள் அங்கே முறையிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் நடுவரின் முன் எதைக் காட்டுவது? கண்ணீரையா? கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டில்லை. பேசிய வேலைக்குப் பட்டியலில்லை. முடிக்க வேண்டிய நாளுக்குச் சான்றில்லை. வாய்ச்சொல் ஒப்பந்தமும் ஒப்பந்தமே. அதை மெய்ப்பிப்பதுதான் அரிது.

எழுத்து குத்தகையாளருக்கு எதிரானதன்று. பாதி வேலையில் ‘டைல்’ நிறத்தை மாற்றிவிட்டு, சன்னலை இடம் பெயர்க்கச் சொல்லிவிட்டு, கூடுதல் பணம் கேட்டால் முகஞ்சுளிக்கும் வீட்டுக்காரரும் உண்டு. நாணயமாகத் தொழில் செய்யும் குத்தகையாளருக்கு அந்தத் தாளே கவசம். அதை அஞ்சுபவர், ஏமாற்ற எண்ணுபவர் மட்டுமே.

ஈண்டுத் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரு கடமை உண்டு. மாணவர்கள் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதுகின்றனர். தலைப்பும் விளிப்பும் பிழையறக் கற்கின்றனர். ஆயின், என்ன வேலை, எந்தப் பொருள், எவ்வளவு விலை, எந்நாளில் முடியும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், குறை நேர்ந்தால் யார் பொறுப்பு என்னும் ஆறு வினாக்களுக்கு விடையாக ஒரு பக்கத் தமிழ் எழுத எத்தனை மாணவருக்குப் பயிற்சி உண்டு? தமிழ் மேடைக்கும் மாலைக்கும் மட்டும் உரிய மொழியன்று. தோட்டத்துப் பாட்டனின் சேமநிதியைக் காக்கவும் அது வல்லதாக வேண்டும். அவ்வாறு ஒரு பக்கம் எழுதத் தெரிந்த பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால், முன்பணம் கைமாறுவதற்கு முன் அத்தாள் மேசைமேல் வைக்கப்படும். அதில் கையொப்பமிட மறுக்கும் குத்தகையாளரை வாயிலோடு அனுப்பிவிடலாம்; இழப்பு ஒரு குவளைத் தேநீரோடு முடிந்துவிடும்.