முனைக்கும் மார்க் போடுங்கள்!



'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பது பழமொழி. லேத் முன்னால் நிற்பவனுக்கு அது அப்படியே பொருந்தும். நம் பட்டறையில் யாரிடமாவது "ஃபேசிங் எதுக்குடா?" என்று கேளுங்கள். "அது சும்மா, டர்னிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிக்கிறது" என்பான். வேலை முடிந்ததும் வெர்னியரை விட்டத்தில் வைக்கிறோம். பளபளப்பைப் பார்க்கிறோம். முனையை யார் பார்க்கிறார்கள்?

நாம் தினமும் பிடிக்கும் பேனாவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மரத்தில் பேனா கடைவது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலருக்குப் பொழுதுபோக்கு. சிறு கட்டையில் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயைப் பசை தடவி ஒட்டுகிறார்கள். மெல்லிய பேனா என்றால் 7 மி.மீ. குழாய். பசை காய்ந்த உடனே கடைசல் பிடிப்பதில்லை. முதலில் கட்டையின் இரண்டு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவுகிறார்கள். அதற்கென்றே ஒரு கட்டர் உண்டு. நடுவில் குழாய்க்குள் நுழையும் தண்டு, அதைச் சுற்றி வெட்டும் பற்கள். கட்டையின் வெளிப்பக்கம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை, குழாயின் அச்சுதான் கணக்கு.

சீவாமல் விட்டால் என்ன குடி முழுகிப் போகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முனையின் விட்டம் 12 மி.மீ., சாய்வு வெறும் 1 டிகிரி. 12-ஐ டேன் 1 டிகிரியால் பெருக்கினால் சுமார் 0.21 மி.மீ. ஒரு பக்கம் ஒட்டி நிற்கும், எதிர்ப்பக்கம் இரண்டு தாள் நுழையும். விரல் நகமே கண்டுபிடித்துவிடும்!

அதோடு போனால் பரவாயில்லையே. மாண்ட்ரலில் கோத்து நட்டை முறுக்கும்போது, சாய்ந்த முனை அழுத்தத்தை ஒரே பக்கமாக வாங்கித் தண்டை வளைக்கிறது. பேனாவின் சுவர் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிகிறது. கடைசியில் உலோகப் பாகத்தை அழுத்திப் பொருத்தும்போது பலமெல்லாம் ஒரே இடத்தில் விழுகிறது. மெருகு போட்டு முடித்த கட்டை 'படக்'கென்று வெடிக்கிறது. வெடிப்பது கடைசி ஆள் கையில், தப்பு நடந்ததோ முதல் ஆள் கையில்!

சீவுவதற்கும் அளவு உண்டு. பித்தளை விளிம்பு முழு வளையமாக மினுங்கினால் நிறுத்திவிட வேண்டும். மேலும் சீவினால் குழாய் குட்டையாகி, ரீஃபிலை உள்ளே இழுத்த பிறகும் அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் பசை இருந்தால் கட்டரே சாய்ந்து போகும். மழுங்கிய பல் மரத்தைச் சீவாது, பிய்த்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூரில் எபோனைட் தண்டில் கையால் பேனா கடைகிறார்கள். அதில் பித்தளைக் குழாய் கிடையாது. இருந்தாலும் மூடியின் விளிம்பு கோணலாக இருந்தால், உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி காட்டிக் கொடுத்துவிடும்.

நம் ஜாபுக்கும் இதே கதைதான். ஸ்டெப், டேப்பர், மரை எதுவானாலும் நீளத்தை ஃபேசிங் செய்த முனையிலிருந்துதானே அளக்கிறோம்? அந்த முனையே பொய் சொன்னால் மற்ற அளவெல்லாம் உண்மை சொல்லுமா?

"நேரம் எங்கப்பா இருக்கு?" என்பார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். முனையின் நடுவில் குமிழ் நின்றால் டூல் சென்டர் உயரத்தில் இல்லை என்று அர்த்தம். "டூல் மழுங்கிக் கிடக்கு, நாங்க என்ன பண்றது?" என்பதும் நியாயமான கேள்வியே. பத்துப் பேர் ஒரே டூலில் வேலை செய்தால் முனை எப்படி நேராகும்?

ஆகவே மாணவர் பேரவை நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, செய்முறை மதிப்பெண்ணில் முனையின் செங்குத்துக்குத் தனி மார்க். இரண்டு, ஒவ்வொரு பேட்ச்சும் லேத்தைத் தொடும் முன் டூலைச் சாணை பிடிக்க நேரம்.

மார்க் இருக்கும் இடத்தில்தான் மாணவன் கண் இருக்கும். இது குறையல்ல, நடைமுறை. விட்டத்துக்கு மார்க் போட்டார்கள், விட்டம் பார்த்தோம். முனைக்கும் மார்க் போட்டுப் பாருங்கள். நம் பட்டறையில் கோணல் குறையும்!

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்