டேப் மெஷின் எதற்கு?

டிஜிட்டல் ஸ்டுடியோக்களில் பழைய ஸ்டூடர், ஆம்பெக்ஸ் டேப் மெஷின்களை வாங்கி வைப்பதற்குச் சொல்லும் காரணம், ஒலியில் வரும் 'கதகதப்பு'. லெவல் ஏற ஏற டேப் ஒலியின் உச்சங்களை மெதுவாக அமுக்கும், காதுக்கு இதம். சரிதான். ஆனால் நொடிக்கு 15 அங்குலம் ஓட்டினால் 2500 அடி ரீல் 33 நிமிடத்தில் காலி! இதற்கு மட்டும் என்றால் ஒரு பிளக்-இன் போதும்.

மெஷின் நிஜமாகத் தேவைப்படுவது பழைய டேப்புகளுக்கு. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டு குகைக்கோயிலில் மகேந்திரவர்மன் வெட்டிய கல்வெட்டை 1400 வருடம் கழித்தும் அங்கேயே நின்று படிக்கலாம் (பல்லவ கிரந்தமும் சமஸ்கிருதமும் தெரிந்தால்!). மெஷின் இல்லாத டேப்போ வெறும் பிளாஸ்டிக் நாடா.

அதுவும் 1970, 80களின் பல டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. சென்னைக் காற்றைக் கேட்கவா வேண்டும்? 50 டிகிரிக்குச் சற்று மேல் சூட்டில் பல மணி நேரம் வைத்தெடுத்தால் கொஞ்ச நாள் தாங்கும். அதற்குள் ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். 2025க்குள் மாற்றாத டேப்புகளில் பெரும்பாலானவை போய்விடும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015லேயே எச்சரித்தது. அந்த 2025ம் வந்தாயிற்று.

மெஷின் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் கதகதப்பைத் தேடுவதற்கு முன்னால், வாரம் ஒரு நாளாவது யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் கச்சேரி, தெருக்கூத்து ஸ்பூல்களை ஓட்டிக் கொடுக்கலாம்.