மேடை நம்முடையது, ஒலிப்பதிவு யாருடையது?

திரைப்படத்தைச் சாராத தமிழிசை கடந்த சில ஆண்டுகளில் தனக்கெனக் களம் அமைத்துக்கொண்டுள்ளது. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவையும் பறையையும் ராப், ராக் இசையோடு ஒரே மேடையில் நிறுத்தியது. சாதிபேதமற்றோர் என்னும் அயோத்திதாசரின் கருத்தே அதன் பெயருக்கு அடிப்படை. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டனர். இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி என வணிகத் திரையிசை தொடத் தயங்கியவை பாடுபொருளாயின.

பாடும் உரிமை கிடைத்துவிட்டது. பாடலின் மீதான உரிமை கிடைத்ததா?

2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்ட 'என்ஜாய் என்ஜாமி' இதற்குச் சான்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதிய, நிலமற்றோரின் பாடல் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கண்டித்தனர். 2024 மார்ச்சில், மூன்றாண்டுகளாகியும் அப்பாடலிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். அக்கணக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. புகழ்பெற்ற கலைஞர்களுக்கே இந்நிலை எனில், பெயரறியாத பறையிசைக் கலைஞரின் நிலை என்ன என்பதே நம் கேள்வி.

ஒரு பாடலில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடம் சேர்கிறது. இணையத் தளங்கள் அதற்கான வருவாயை நிறுவனத்துக்கே அனுப்புகின்றன. பார்வை எண்ணிக்கை ஊருக்கே தெரியும். வரவுசெலவுக் கணக்கு கலைஞருக்குத் தெரியாது. சிறு நிறுவனம் என்பதாலேயே இவ்வமைப்பு மாறிவிடுவதில்லை. நட்பின் பெயரால் ஒப்பந்தமே எழுதப்படாதபோது நிலைமை இன்னும் மோசமாகிறது.

சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய சமபங்கு ராயல்டியை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கும் ராயல்டி உண்டு. 57ஆம் பிரிவு, படைப்பாளர் என உரிமைகோரும் உரிமையைப் பாதுகாக்கிறது.

ஆனால் சாதி இச்சட்டத்தைச் சுற்றிச் செல்ல வழி வைத்திருக்கிறது. சாவு வீட்டில் பறையடிப்பதை ஊழியமாக்கிய சமூகம், அக்கலையைக் கூலிக்குரிய உழைப்பாகவோ பெயருக்குரிய படைப்பாகவோ ஏற்கவில்லை. இன்று 'நாட்டுப்புறம்', 'மரபு' என்னும் சொற்கள் அதே வேலையைச் செய்கின்றன. ஒடுக்கப்பட்டோரின் ஒப்பாரி பொதுச்சொத்தாகிறது. அதைப் பதிவுசெய்தவரின் ஒலிப்பதிவோ தனிச்சொத்தாகிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்: தமிழில் எழுதிய ஒப்பந்தம், ஆறு மாதத்துக்கொருமுறை கணக்கு, குறித்த காலத்துக்குப் பின் ஒலிப்பதிவு கலைஞரிடம் திரும்புதல், வாசித்தவர், குழுவில் பாடியவர் அனைவரின் பெயரும் வெளியீட்டில் இடம்பெறுதல். கல்லூரி விழாக்களுக்கும் இயக்க மேடைகளுக்கும் கலைஞர்களை அழைக்கும் நாமும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே. கொள்கைக்காகப் பாட வருபவருக்கு ஊதியம் தேவையில்லை என்று நினைப்பதும் ஊழியத்தின் மிச்சமே.