தீவன மூட்டையில் ஆஸ்பத்திரி மருந்து

பல்லடம், நாமக்கல் வட்டாரங்களிலிருந்து கறிக்கோழியும் முட்டையும் லாரி லாரியாகப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை மில் தொழிலாளி வீட்டில் கொதிப்பதும் பெரும்பாலும் இந்தக் கோழிக் குழம்புதான். நோய் கண்ட கோழிக்கு மருந்து கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. நோயே இல்லாத கோழிக்கு, சீக்கிரம் எடை ஏறவேண்டுமென்று, தினமும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்து கலப்பதுதான் கேடு.

என்ன கேடு? சிறிதளவு மருந்தில் வலுவற்ற கிருமி சாகிறது. வலுத்த கிருமி பிழைத்துப் பெருகுகிறது. அது கோழி எருவோடு வயலுக்கும், தண்ணீருக்கும், கொட்டகையில் வேலை செய்பவர் கைக்கும் வந்து சேருகிறது. பிறகு மனிதனைத் தொற்றினால் அதே மருந்து பலிப்பதில்லை.

கொலிஸ்டின் என்பது மற்ற மருந்துகள் கைவிட்டபின் டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து. அதையும் வெல்லும் தன்மை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பதை 2015ல் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அப்படியிருந்தும் நம் நாட்டில் அது கோழி வளர்க்கும் சரக்காக விற்கப்பட்டது. 2019 ஜூலையில்தான் மத்திய சர்க்கார் கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கு அதைத் தடை செய்தது. எடை ஏற்றும் ஆன்டிபயாடிக் அனைத்தையும் ஐரோப்பிய யூனியன் 2006லேயே தடுத்துவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

பழியைப் பண்ணைக்காரர் தலையில் கட்டுவது எளிது. ஒப்பந்த முறையில் குஞ்சும், தீவனமும், மருந்தும் கம்பெனி தருவது. கொட்டகையும், கரண்டும், தண்ணீரும், உழைப்பும் விவசாயி தருவது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் எப்படி அறிவார்? கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலிதான் அவர் காண்பது.

மருந்தை நிறுத்தினால் தொழில் அழியும் என்பார்கள். டென்மார்க் 1999க்குள் இதை நிறுத்தியது. அங்கே கோழித் தொழிலும் பன்றித் தொழிலும் அழியவில்லை. கொட்டகை சுத்தமும் காற்றோட்டமும் மருந்தின் வேலையைச் செய்யும். அதற்குச் செலவுண்டு, அந்தச் செலவை லாபம் எடுப்பவர் ஏற்கவேண்டும்.

எனவே நாம் கோருவது இதுதான்: எடை ஏற்றுவதற்கென்று எந்த ஆன்டிபயாடிக்கும் கூடாது. தீவன மூட்டையில் உள்ள பொருள்கள் தமிழில் அச்சிடப்படவேண்டும். கறி, முட்டை, தீவனப் பரிசோதனை முடிவுகளை மாவட்டந்தோறும் பகிரங்கப்படுத்தவேண்டும். பண்ணைத் தொழிலாளருக்கு, வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் உள்பட, கையுறையும் வைத்தியப் பரிசோதனையும் வேண்டும்.

காகிதத்தில் தடை போட்டால் போதாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இக்கோரிக்கைகளைத் தம்முடையவையாக எடுத்துக்கொள்ளட்டும். பணக்காரன் புது மருந்து தேடிப் போவான். உழைப்பாளிக்கு இருக்கும் மருந்தைக் காப்பாற்றுவதே வழி.