கொட்டகைக்குள் ஒரு போர்க்கால ஜீப்

 

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து நான் வெளியே வந்தபோது, மதரஸா வாசலில் ஓர் அம்மையார் காத்திருந்தார். "ஹஜ்ரத்! இவன் அத்தா மௌத்தான பிறகு குடும்பத்தைத் தாங்குபவன் இவன்தான். வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், தொழுகையிலும் குறையில்லை. ஆனால் இரவானால் கொட்டகையில் அந்தப் பழைய ஜீப்போடு கிடக்கிறான். காசெல்லாம் இரும்பில் கரைகிறது. இது இஸ்ராஃப் இல்லையா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன், ஸ்பானர் பிடித்தறியாதவன். ஆயினும் மறுநாள் சென்றேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப் புதிய பொருளன்று. விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைக் கண்டு வளர்ந்தவர்கள் இப்பகுதி மக்கள். அந்தப் பிள்ளையின் அத்தாவும் அவ்வாறு ஜீப் ஓட்டிப் பிழைத்தவரே. தம் வண்டி இரண்டாம் உலகப் போரில் ஓடியது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். பதிவுச் சான்றில் ஆண்டு 1961 என்றிருந்ததை, அலுவலக எழுத்தரின் பிழை என்று தள்ளிவிடுவாராம்!

ஜீப்பின் பிறப்பே அவசரத்தில் நிகழ்ந்தது. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களிடம் இலகுவான சாரணர் வண்டி ஒன்றைக் கேட்டது. பான்டம் என்னும் சிறு நிறுவனம் 49 நாட்களில் முதல் வண்டியைச் செய்து ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. நான்கு சிலிண்டர், 60 குதிரைத் திறன், 6 வோல்ட் மின்சாரம், ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் டாங்க். முன் விளக்குகளைக் கீலில் திருப்பி, இரவில் எஞ்சின் மீதே ஒளி விழச் செய்யலாம். இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது நான் வியந்து போனேன்.

நம் நாட்டில் ஜீப் பூட்டிய நிறுவனத்தின் பெயர்க் கதையும் நம்மவர் பலர் அறியாதது. 1945-இல் அது 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்' என்றே தொடங்கியது. பங்காளியான குலாம் முஹம்மத் 1947-இல் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பின்னர் 1951 முதல் 1955 வரை அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். அவர் பிரிந்தபின், 1948-இல் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று. நாட்டுப் பிரிவினை ஒரு பெயர்ப்பலகையிலும் நிகழ்ந்திருக்கிறது!

கொட்டகைக்கு வருவோம். பிள்ளை ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். வீட்டுச் செலவும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் போக, மிஞ்சியதிலிருந்தே ஒவ்வொரு போல்ட்டும் வாங்கப்பட்டிருந்தது. கடன் ஏதுமில்லை. "இதை இஸ்ராஃப் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் தாயோடு உட்கார்ந்து உண்ணும் நேரத்தையும் இந்த நோட்டில் எழுது" என்றேன். அவன் தலை குனிந்தான்.

வேறு இரண்டைக் கண்டித்தேன். கொட்டகையில் வண்டி வைத்திருக்கும் வாசகர்களும் கேளுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அத்தூசியைக் காற்றடித்து ஊதலாகாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காலியான பெட்ரோல் டாங்க் நிறைந்த டாங்க்கைவிட ஆபத்தானது. உள்ளே ஆவி தங்கியிருக்க, அதில் வெல்டிங் பிடித்தால் வெடிக்கும். இதைப் பட்டறைக்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இது விளையாட்டன்று.

பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட, வண்டி தன் வரலாற்றைத் தானே சொல்லத் தொடங்கியது. போர்க்கால ஜீப்பின் முகப்பில் ஒன்பது இடைவெளிகள் இருக்கும். இதில் ஏழே இருந்தன. போர்க்கால வண்டிக்குப் பின்கதவு கிடையாது, இதற்கு இருந்தது. ஆக, உடல் பிற்காலத்தது. ஆனால் சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமோ குழாயாக இல்லாமல் கவிழ்த்த பெட்டி வடிவில் இருந்தது. அது ஃபோர்டின் அடையாளம். சில போல்ட்டுகளின் தலையில் ஃபோர்டு பொறித்த 'எஃப்' எழுத்தும் தெரிந்தது. யாரோ எப்போதோ இரண்டு வண்டிகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

"அத்தா பொய் சொன்னாரா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். கையில் அந்த போல்ட் இருந்தது. "இல்லையப்பா, பாதி உண்மையை முழு உண்மை என்று நம்பியிருக்கிறார்" என்றேன். அதற்குமேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்நிலையில்தான் ஒரு தரகர் வந்தார். '1943 ஃபோர்டு' என்று சொன்னால் நல்ல விலை தர நகரத்தில் ஒருவர் தயார். முகப்பை மாற்றி, பின்கதவை அடைத்து, பட்டி பூசி, எண்ணையும் பொறித்துவிடலாம். யாருக்குத் தெரியும் என்றார். தங்கையின் திருமணம் பேச்சிலிருக்கும் வீடு அது. அந்தத் தொகை சிறியதன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பட்டி என்பதும் ஈரத்தின் மேல் கொட்டிய உலர்ந்த தானியம்தானே! எண்ணைத் திருத்திப் பொறிப்பது நாட்டுச் சட்டப்படியும் குற்றம். 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வண்டிகளுக்கான விதியும், 50 ஆண்டு கடந்திருப்பதோடு சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்றே கேட்கிறது.

இவற்றையெல்லாம் நான் எடுத்துரைக்கத் தொடங்கியபோது, அம்மையார் கதவோரத்திலிருந்து, "ஹஜ்ரத், அந்தத் தரகருக்கு இவன் நேற்றே பதில் சொல்லிவிட்டான்" என்றார்.

வண்டி இப்போது ஏழு இடைவெளி முகப்போடும் பின்கதவோடும்தான் நிற்கிறது. எது ஃபோர்டு, எது பிற்காலத்தது, எது தான் புதிதாக வாங்கிப் போட்டது என்று நான்கு பக்கங்களில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, இருக்கைக்குப் பின்னுள்ள கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறான். நகரத்துக்காரரிடமும் அதையே படித்துக் காட்டினானாம். அவர் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறார். இவன் இன்னும் பதில் சொல்லவில்லை.