சந்தாக் காரும் நம் கூச்சமும்

மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் நிற்பவர்கள் நாம். அதே நாம், மாதம் இருபத்து நாலாயிரம் கட்டவேண்டிய ஒப்பந்தத்தை எதிரே டை கட்டிய பையன் நீட்டினால், வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். என் வீட்டிலேயே இது நடந்ததால்தான் எழுதுகிறேன்.

காரை விலைக்கு வாங்காமல் மாதச் சந்தா கட்டி ஓட்டும் முறையை மாருதி நிறுவனம் 2020-இல் தொடங்கியது. வேறு சில நிறுவனங்களும் நடத்துகின்றன. இன்ஷூரன்ஸ், சாலை வரி, சர்வீஸ் எல்லாம் சந்தாவுக்குள் அடக்கம். ஊர் ஊராக மாற்றலாகும் நம்மவர்களுக்கு இது வசதிதான். சொந்தக் காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். 2021-இல் வந்த பி.எச். வரிசை எண்ணோ எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

புனேயிலிருந்த என் மாப்பிள்ளை 36 மாதத்துக்கு ஒரு கார் எடுத்தார். பதினான்காம் மாதம் ஹைதராபாத்துக்கு மாற்றல். முன்கூட்டியே திருப்பிக் கொடுத்ததற்கு மூன்று மாதச் சந்தா அபராதம். பம்பரில் கீறல் என்று டெபாசிட்டிலும் பிடித்தம். பேத்தியின் பள்ளிக்கூட அட்மிஷனுக்கு என்று வைத்திருந்த பணம் அது. பெண் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஹைதராபாத்தில் மறுபடி கார் எடுக்கும்போது நானும் கூடப் போனேன்.

"மாமா, இது கம்ப்யூட்டர் போட்ட ரேட். மாத்த மாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை.

"கம்ப்யூட்டருக்கு ரேட் சொல்லிக் கொடுத்தவன் மனுஷன்தானே?" என்றேன்.

ரயில்வேயில் டெண்டர் கமிட்டிக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துப் பழகியவன் நான். அங்கே ஆகக் குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டும்தான் பேரம் பேசலாம் என்பது விதி. நமக்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? மூன்று இடங்களில் எழுத்துமூலம் ரேட் வாங்கினோம். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு எழுதி வாங்கியபோதே ஒரு கம்பெனியின் 'மலிவு' காணாமல் போயிற்று.

நேரடியாகச் சந்தாவைக் குறைக்கச் சொன்னால் பையன் சிரித்தான். மாதம் 1,500 கிலோமீட்டர் கணக்கில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஓட்டுவதோ 800-ஐத் தாண்டாது. குறைந்த கிலோமீட்டருக்கு மாற்றச் சொன்னதும் 24,000 என்பது 22,300 ஆயிற்று. 24 மாதத்துக்கு 40,800 ரூபாய் மிச்சம்.

அதைவிடப் பெரிய லாபமாக நான் நினைப்பது வேறு. ஆபீஸ் மாற்றல் உத்தரவைக் காட்டினால் அபராதம் ஒரு மாதச் சந்தா மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தோம். வாய்ப் பேச்சு உதவாது. அந்தப் பையனுக்கே அடுத்த மாதம் மாற்றல் வரலாம்! வண்டி எடுத்த அன்று நாலு பக்கமும் போட்டோ பிடித்து அவர்களுக்கும் அனுப்பினோம். டெபாசிட்டைக் குறைக்க மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டார்கள்.

இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவிருக்கும் அன்பர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு அதை எடுத்து வந்தால் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம். எழுத்து மிகவும் பொடி.