ஃபயர்வாலை நிறுத்துவது தீர்வல்ல

சுங்கை பூலோவில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான் துறைமுகம் வரை போகலாம். அங்கே கொள்கலன் கப்பல் துறையில் இறங்கும். அதற்கான பத்திரங்கள் சுங்க அதிகாரிகளிடம் தனியே போகும். கோப்பு அனுப்ப உதவும் எஃப்டிபி என்ற பழைய முறையும் இப்படி இரண்டு வழிகளில்தான் இயங்குகிறது.

இம்முறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் ஓர் இந்தியர், அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்தவர். அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தார்.

ஒரு கணினிக்கு 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அவற்றைப் போர்ட் என்கிறோம். எஃப்டிபி சர்வரின் 21ஆம் போர்ட் கட்டளைகளுக்கு உரியது. பயனர் பெயர், கடவுச்சொல், ‘இந்தக் கோப்பைக் கொடு’ என்ற கேள்வி எல்லாம் அதன் வழியே போகும். கோப்பு வருவதோ வேறோர் இணைப்பில். ‘ஆக்டிவ்’ முறையில் சர்வர் தன் 20ஆம் போர்ட்டிலிருந்து உங்கள் கணினியைத் தேடி வரும். வெளியிலிருந்து வரும் அந்த இணைப்பை ஃபயர்வால் அந்நியன் என்று தடுத்துவிடும். அதனால்தான் உங்கள் நிரலில் லாகின் நடக்கிறது, கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் நின்றுவிடுகிறது.

உடனே, “ஃபயர்வாலை நிறுத்திவிட்டுப் பார்” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு விருந்தாளி உள்ளே வர முடியவில்லை என்பதற்காகக் காவலாளியையே வீட்டுக்கு அனுப்பலாமா?

‘பாசிவ்’ முறைக்கு மாறினால் போதும். சர்வர் தன் பக்கம் ஒரு வாசலைத் திறந்து எண்ணைச் சொல்லும். உங்கள் கணினியே அங்கே போகும். அந்த எண் இரண்டு பகுதிகளாக வரும். 195, 149 என்று வந்தால், 195 × 256 + 149 = 50,069. அதுதான் போர்ட் எண்.

இன்னொரு குறை உண்டு. சாதாரண எஃப்டிபியில், எந்த முறையானாலும், கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை அப்படியே படிக்கலாம். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் 2021இல் எஃப்டிபியைக் கைவிட்டன. பின்லாந்தின் தாத்து யூலோனன் 1995இல் எஸ்எஸ்எச் முறையை உருவாக்கினார். அதன்மேல் இயங்கும் எஸ்எஃப்டிபி, கட்டளை, கோப்பு இரண்டையும் 22ஆம் போர்ட் ஒன்றின் வழியாகவே மறைகுறியாக்கி அனுப்புகிறது. புதிய நிரலுக்கு இதையே தேர்ந்தெடுங்கள்.

“பள்ளிப் பயிற்சிதானே சார்” என்பீர்கள். இன்று பயிற்சியில் பழகும் கைகள்தாம் நாளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் நிரல் எழுதப்போகின்றன. அடுத்த முறை கோப்பு வராமல் நின்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் போர்ட்? யார் யாரை அழைக்கிறார்? கடவுச்சொல் மறைந்து போகிறதா? விடை கிடைத்த பிறகு நிரலைத் திருத்துங்கள். ஃபயர்வால் அதன் வேலையைப் பார்க்கட்டும்.